நாலாம் நம்பர் ரோட்டில் நின்ற இடங்கள்

நாலாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையாக இருந்த பழைய பம்பாய் ரோட்டைப் பற்றி லாரி ஓட்டினவர்களிடம் கேட்டால், ஓட்டின கதை குறைவாகத்தான் வரும். எங்கே நின்றோம், எதற்கு நின்றோம், யார் தண்ணீர் கொடுத்தார்கள், எந்த இடத்தில் நிற்கவே கூடாது என்பதையெல்லாம் விடிய விடியச் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து நான் கேட்டு வளர்ந்தது இந்தக் கதைகளைத்தான்.

பம்பாய் வடாலாவில், லாரிகள் வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அம்மா மெஸ் நடத்தினாள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், குடியிருந்தது ஆண்டாப் ஹில்லில். சாப்பிட வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரத்துக்காரர்கள். அம்மா எல்லாருக்கும் அக்கா, நான் எல்லாருக்கும் பாப்பா. அவர்கள் கேட்டுக் கேட்டே அம்மா அரிசிம்பருப்புச் சோறும் கொள்ளு ரசமும் வைக்கப் பழகினாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் மழைக்காலம் வந்தால் அதுதான்.

அது செல்போன் வராத காலம். ஊரிலிருந்து வரும் கடிதங்கள் மெஸ் விலாசத்துக்கு வரும். ஒரு டிரைவர் இன்னொரு டிரைவருக்குச் சொல்ல வேண்டியதை எங்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார். அதைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்து, அந்த வண்டி வரும்போது படித்துக் காட்டுவது என் வேலை. பேர் சொல்லி எழுதுவதைவிட ஊர் சொல்லி எழுதுவதுதான் வழக்கம்.

“ராசிபுரம் வண்டிக்கு: ஹரிஹர் பாலம் தாண்டி இடது கைப்பக்கம் பஞ்சர் கடையில் ஸ்டெப்னி கிடக்குது. காசு குடுத்தாச்சு. எடுத்துட்டு வரவும்.”

“சங்ககிரி அண்ணனுக்கு: காத்ரஜ் ராத்திரியில ஏற வேண்டாம். மேல் வளைவுல தார்ப்பாய் அறுக்கறானுங்க.”

“திருச்செங்கோட்டு வண்டிக்கு: பொண்ணு பொறந்திருக்கு. தாயும் பிள்ளையும் சௌக்கியம். கோலாப்பூர்ல லோடு பாக்காம நேரா வீட்டுக்கு வரச் சொன்னாங்க.”

அந்த நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. செம்பூரில் மகள் வீட்டுக்கு வந்திருந்த, அந்தக் காலத்தில் லாரி ஓட்டின சங்ககிரிப் பெரியவரிடம் சமீபத்தில் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். படிக்கப் படிக்க ரோடு முழுவதும் அவர் வாயில் வந்தது. அவர் சொன்னதை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு.

ஊரிலிருந்து கிளம்பினால் தொப்பூர் மலை ஏறி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பெங்களூர். சேலத்திலிருந்து அது வரைக்கும் ஏழாம் நம்பர் ரோடு. பெங்களூரில் நாலாம் நம்பரைப் பிடித்தால் தும்கூர், சிரா, சித்திரதுர்கா, தாவணகெரே, ஹூப்ளி, பெல்காம், நிப்பாணி, கோலாப்பூர், சதாரா, பூனா, கடைசியில் பம்பாய். பெங்களூரிலிருந்தே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். 2010-ல் நம்பர்களை மாற்றி இதை 48 ஆக்கிவிட்டார்கள். பெரியவருக்கு அது இன்றும் நாலுதான்.

அவர் அதிகம் ஏற்றியது ஜவ்வரிசி. சேலம், நாமக்கல் பக்கத்து மில்களில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் ஜவ்வரிசியில் பெரும்பங்கு மகாராஷ்டிராவுக்கும் குஜராத்துக்கும் வருகிறது. நம் ஊரில் பாயசத்துக்கும் வத்தலுக்கும் போடுகிறோம். இங்கே அது விரதச் சாப்பாடு. ஆஷாடி ஏகாதசி, ஷ்ராவண் மாதம், நவராத்திரி என்றால் வீட்டுக்கு வீடு சாபுதானா கிச்சடி. அதனால் பண்டரிபுரத்துக்கு வார்கரி பக்தர்கள் நடக்கத் தொடங்குவதற்கு முன்பே சங்ககிரி லாரிகள் மலை இறங்கியாக வேண்டும். இந்த ஊர்க்காரர்களின் விரதத் தட்டுக்குப் பின்னால் எங்கள் மெஸ்ஸில் கை கழுவின மனிதர்கள் இருந்தார்கள் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

மலைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சதாரா தாண்டி கம்பாட்கி, பூனாவுக்கு முன்னால் காத்ரஜ், பூனாவுக்குப் பின்னால் கண்டாளா. லோடோடு வரும் வண்டிக்கு முதல் இரண்டும் ஏற்றம், மூன்றாவது இறக்கம். அவர் கிளீனராகச் சேர்ந்தபோது வண்டி லேலண்ட் காமெட். பவர் ஸ்டியரிங் கிடையாது. வளைவுகளில் டிரைவர் சீட்டை விட்டு எழுந்து உடம்பின் கனம் முழுவதையும் போட்டு வளையத்தைத் திருப்புவாராம்.

“ஏத்தத்துல வண்டி, ஆளு நடக்கற வேகந்தானுங்க போகும். கிளீனர் எறங்கி, பின் சக்கரத்துக்கு ஒட்டுனாப்புல கட்டையத் தூக்கிட்டு நடக்கோணும். டிரைவர் ஆரன் அடிச்சாருன்னா அந்த நொடி கட்டை போடோணும். கண்ணு அசந்தோம்னா வண்டி பின்னால உருண்டுரும். 10 டன்னு லோடுங்க பாப்பா.”

ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். கம்பாட்கியில் தண்ணீர் கிடைக்கிற வளைவு எது என்று அவருக்குத் தெரியும். அதை அவருக்குச் சொன்னவர் அவருடைய டிரைவர். அவருக்குச் சொன்னவர் அவருக்கு முந்திய டிரைவர். கம்பாட்கி அடிவாரத்திலும் ஒரு கண்டாளா ஊர் இருக்கிறது. புது கிளீனர்களுக்கு முதலில் இந்த இரண்டு கண்டாளாவையும் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார்களாம். ஒன்றை இன்னொன்றாக நினைத்து ‘மலை முடிஞ்சிருச்சு’ என்று தூங்கிவிட்டால் ஆபத்து.

ஏற்றத்தைவிட அவர் பயந்தது இறக்கத்துக்குத்தான். கண்டாளாவில் போர்காட் மலைப்பாதை இறங்கத் தொடங்குவதற்கு முன் எந்த அவசரம் இருந்தாலும் நிற்க வேண்டும். தார்ப்பாய்க் கயிறு இழுத்துப் பார்க்க வேண்டும், டயரைத் தட்டிப் பார்க்க வேண்டும், ஒரு டீ குடிக்க வேண்டும். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்று விட்டவர்கள் சிலர் திரும்பி வரவில்லை. பாதி மலையில் மறுபடி நிற்க வேண்டும், பிரேக் டிரம் ஆறுவதற்கு. தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. “சூட்டுல ஊத்துனா டிரம் விண்டு போயிருமுங்க. காத்துலதான் ஆறோணும். அதுக்குப் பொறுமை இல்லாதவன் மலை வண்டி எடுக்கப்படாது.”

அப்படி மெதுவாகப் போகிற வண்டிகள் காசு போட்டுவிட்டுப் போகும் கோயில் ஒன்று பழைய ரோட்டில் இருக்கிறது. ஷிங்ரோபா கோயில். மலைக்குள் பாதை தெரியாமல் திணறிய வெள்ளைக்காரர்களுக்கு வழி காட்டிய இடையர் அவர். வெகுமதியாக என்ன வேண்டும் என்று கேட்டதற்கு எங்கள் ஜனங்களுக்கு விடுதலை கொடு என்றாராம், சுட்டுவிட்டார்கள் என்று அங்கே கதை சொல்கிறார்கள். எங்கள் டிரைவர்களுக்கு அவர் ஊர் எல்லையில் நிற்கும் முனியப்பன் மாதிரி. காசு போடாமல் ஒருவரும் இறங்க மாட்டார்கள்.

இன்னொரு அடையாளம் அமிர்தாஞ்சன் பாலம். முன்பு அங்கே இருந்த விளம்பரப் பலகையால் வந்த பேர். அமிர்தாஞ்சன் 1893-ல் பம்பாயில் தொடங்கி அப்புறம் சென்னைக்குப் போன கம்பெனி. மயிலாப்பூர்த் தைலத்தின் பேரை மகாராஷ்டிர மலையில் பார்த்தால் ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷம் வரும் என்றார் பெரியவர். 2020 ஏப்ரலில், ஊரடங்கில் ரோடு காலியாக இருந்த நேரம் பார்த்து, அந்தப் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். நான் வீடியோவை அவருக்கு அனுப்பியிருந்தேன். அதைப் பற்றி அவர் பேசவில்லை. எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

மலை இறங்கி கோபோலி, பன்வெல் தாண்டிவிட்டால் பம்பாய் வந்துவிடும், ஆனால் உள்ளே விட மாட்டார்கள். ஊருக்குள் வரும் சரக்குக்கு வரி வாங்கும் ஆக்ட்ராய் நாக்காவில் வரிசை. வாஷி பாலம் வழியாக வந்தால் மான்கூர்ட் பக்கம், தானே வழியாக வந்தால் முலுண்ட். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு காத்துக் கிடக்க வேண்டும். வண்டிக்கடியில் ஸ்டவ் பற்ற வைத்துச் சோறு வடித்திருக்கிறார்கள். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததோடு ஆக்ட்ராய் போய்விட்டது. மாநில எல்லையில் விற்பனை வரி செக்போஸ்டுகளின் வரிசையும் போயிற்று. இதில் யாருக்கும் வருத்தம் இல்லை. அந்தக் காத்திருப்பு டிரைவரின் தூக்கத்தையும் படிக்காசையும் தின்றதுதான்.

சரக்கு இறக்கின பிறகு வடாலாவில் ரிட்டர்ன் லோடுக்காகக் காத்திருப்பார்கள். எங்கள் மெஸ்ஸின் நோட்டு நிரம்பியது அந்த நாட்களில்தான். யாருக்கு எங்கே பிரேக் பிடிக்கவில்லை, எந்தப் பங்கில் டீசலில் தண்ணீர், எந்த ஊரில் எந்த மெக்கானிக் நம்பிக்கையான ஆள், எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் கைமாறும். ஒருவர் பட்ட கஷ்டம் அடுத்தவருக்கு எச்சரிக்கையாகப் போய்ச் சேரும்.

1991 டிசம்பர் பக்கங்களைப் புரட்டும்போது எனக்கு இப்போதும் கை நடுங்கும். காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் பெங்களூரில் தமிழர்களை அடித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். என் கையெழுத்தில் பக்கம் முழுக்க ஒரே செய்தி, வெவ்வேறு வண்டிக்கு: “பெல்காம் தாண்ட வேண்டாம். கோலாப்பூரிலேயே நிற்கவும்.” ஏற்கெனவே கர்நாடகாவுக்குள் போய்விட்ட வண்டிகளுக்கு யார் சொல்வது? பெரியவர் அப்போது ஹரிஹருக்குப் பக்கத்தில் இருந்தார். நோட்டில் வரும் அதே பஞ்சர் கடைக்காரர், கன்னடக்காரர், வண்டியைக் கடைக்குப் பின்னால் விடச் சொல்லி, நம்பர் பிளேட் தெரியாமல் பழைய டயர்களை அடுக்கி மறைத்திருக்கிறார். நிலைமை அடங்கும் வரை அவர் வீட்டு ராகி முத்தைதான் சாப்பாடு. வருஷக்கணக்காக அந்தக் கடையில் நின்று நின்று வந்த பழக்கம் அன்றைக்கு உயிரைக் காத்தது. வேகமாகக் கடந்து போயிருந்தால் அந்த மனிதரைத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

பம்பாய் பூனா எக்ஸ்பிரஸ்வே 2002-ல் முழுதாகத் திறந்தார்கள். தங்க நாற்கரத் திட்டத்தில் 5,846 கிலோமீட்டருக்கு நாலு வழிச் சாலை வந்தது, எங்கள் நாலாம் நம்பரும் அதில் அடக்கம். ரோட்டோரத்து ஆலும் புளியும் போயின. ஊர்களுக்கு வெளியே பைபாஸ். பெரியவர் இதைக் குறை சொல்லவில்லை. எதிரே வரும் விளக்கு கண்ணைக் குத்தாமல் ஓட்டுவது எவ்வளவு பெரிய வரம் என்றார். மலையில் செத்துப்போன தோழர்களின் ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, இந்த ரோடு அப்போது இருந்திருந்தால் இருந்திருப்பார்கள் என்றார். பழைய ரோடே நல்ல ரோடு என்று நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால் நிற்கும் இடங்களை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் எதையும் வைக்காமல் விட்டது பெரிய தவறு. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்தது, 2025 நவம்பர் வரை இருந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு என்று அதில் இருந்தது. அந்த அரை மணி நேரத்துக்கு 10 டன் லாரியை எங்கே நிறுத்துவது? ரோட்டோரத்தில் நிறுத்தினால் பின்னால் வருகிற வண்டி வந்து இடிக்கும். பங்கில் நிறுத்தினால் டீசல் போடாத வண்டியைக் கிளம்பச் சொல்வார்கள். 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒரு வசதி மையம் என்று அரசு திட்டம் போட்டிருக்கிறது. எல்லா இடத்துக்கும் அது சீக்கிரம் வர வேண்டும். காபிக் கடையும் கார் நிறுத்துமிடமும் முதலில் வந்து, லாரிக்கு இடம் கடைசியில் வருவதாக இருக்கக் கூடாது.

நோட்டில் பொண்ணு பிறந்த செய்தி வந்ததே, அந்தத் திருச்செங்கோட்டுக்காரருக்கு அப்புறம் பிறந்த மகன் இப்போது இதே ரோட்டில் பன்னிரண்டு சக்கர வண்டி ஓட்டுகிறான். 2019 ஆகஸ்டில் பஞ்சகங்கை பெருகி கோலாப்பூர் பக்கம் ரோடு மூழ்கினபோது, நாள்கணக்கில் சிக்கியவர்களில் அவனும் ஒருவன். ரோட்டிலேயே வண்டி, வண்டியிலேயே ஆள். அக்கம்பக்கத்து கிராமத்து ஜனங்கள்தான் பாக்ரி ரொட்டியும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார்களாம். அத்தனை வருஷம் அந்த வழியாக ஓட்டியும் அன்றைக்குத்தான் அந்த ஊரின் பேர் தெரிந்தது என்றான்.

போன வாரம் வடாலாவுக்கு லோடு கொண்டுவந்தவன் வீட்டுக்கு வந்தான். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயமாகிவிட்டதே, சந்தோஷந்தானே என்று கேட்டேன்.

“நல்லதுங்கக்கா, வேண்டாம்னு சொல்லல. சதாராவுக்கும் கோலாப்பூருக்கும் நடுவுல பெரிய வண்டி திரும்பற மாதிரி ஒரு எடம், கக்கூஸ், குளிக்கத் தண்ணி, ராத்திரிக்குக் காவலுக்கு ஒரு ஆளு. இது நாலும் இருந்தாப் போதும், நான் ரெண்டு மணி நேரம் நிம்மதியாத் தூங்கிட்டுக் கண்டாளா எறங்குவேன். இதைய எங்க போய்ச் சொல்றதுன்னு தெரியல. நீங்க எழுதறீங்கல்ல, எழுதுங்க.”