ஐந்தா, ஆறா

நாயின் நடத்தையைப் பார்த்து மதிப்பெண் போடும் கிளாஸ்கோ வலி அளவுகோலில் 24க்கு 6 வந்தால் கூடுதல் வலிநிவாரணி தர வேண்டும். அறுவை முடிந்திருந்த, தட்டைமுக பிரெஞ்சு புல்டாக் நாய்க்கு 5 போட்டிருந்தேன். கூண்டருகே உட்கார்ந்திருந்த நர்ஸ் தாளைப் பார்க்கவே இல்லை. "டாக்டர், இது மூச்சுக்குத் தவிக்கல. வலிக்குது" என்றார்.

தொண்டையை அடைத்த மென்அண்ணத்தின், அதாவது வாயின் மேற்கூரையில் பின்னாலிருக்கும் மென்மையான பகுதியின், நீளத்தைக் குறைத்திருந்தோம். மேல்தாடை நரம்பை முன்கூட்டியே மரக்கச் செய்தால் ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலிநிவாரணி) தேவை குறையுமா என்பது ஆய்வு. போட்டது மரக்கச் செய்யும் பூபிவகெய்னா, வெறும் உப்புநீரா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

அந்த 5ஐ இன்னும் மனதில் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாய் காயத்தை நக்குகிறதா என்று படிவம் கேட்கிறது. தொண்டைக்குள் இருக்கும் காயத்தை எப்படி நக்கும்? காயத்தைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளி மெல்ல அழுத்தச் சொல்கிறது. அண்ணத்தில் எங்கே அழுத்துவது? கழுத்தைத் தொட்டேன், பேசாமல் இருந்தது, 0 போட்டேன். சரி, முகத்தைப் பார்க்கலாம் என்றால் அந்தச் சுருக்கமெல்லாம் பிறவியிலேயே வந்தது.

மெத்தடோன் என்ற ஓபியாய்டைக் கொடுக்கத் தயங்கக் காரணம் இருந்தது. மயக்கம் கூடினால் தொண்டைத் தசை தளர்ந்து, வீங்கிய மூச்சுப்பாதை அடைபடும். வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்துவிட்டதால், ஓபியாய்டு அல்லாத வலிநிவாரணியான மெலாக்ஸிகாமும் கூடாது, இரைப்பை புண்ணாகிவிடும். ஆனால் வலியில் பதறும் நாய் மூச்சை இன்னும் பலமாக இழுக்கும், அதிலும் வீக்கம் ஏறும்.

"கொடுத்தா ஆய்வுக் கணக்கு மாறிடும்னு யோசிக்கிறீங்களா?"

இல்லை என்றேன். எந்த மதிப்பெண்ணிலும் மருத்துவர் மருந்து தரலாம் என்று நெறிமுறையில் எழுதியதே நான்தான். அப்படியிருந்தும் அந்த 'இல்லை' முழுக்க உண்மையா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், மெதுவாக ஏற்றினேன். அதை முறிக்கும் நலோக்சோன் பக்கத்திலேயே இருந்தது. அதுவரை முன்னங்கால்களை ஊன்றி, கழுத்தை நீட்டியபடியே உட்கார்ந்திருந்த நாய் தாடையைத் தரையில் வைத்துப் படுத்தது. நர்ஸ் சொன்னதுதான் சரி என்று தோன்றியது. அப்புறம்தான் யோசித்தேன்: மூச்சுக்குப் பதறும் நாயும் மெத்தடோனில் இப்படித்தானே அடங்கும்?

ஆய்வு முடிந்து, எந்த நாய்க்கு எது போனது என்ற குறியீட்டைத் திறந்தால், அதற்குப் போயிருந்தது பூபிவகெய்ன். மென்அண்ணத்தின் பின்பகுதிக்கு வேறு நரம்புகளும் வருகின்றன. குட்டையான மண்டையோட்டில் ஊசி இடம் தவறியிருக்கவும் கூடும். வலியே இல்லாமலும் இருந்திருக்கலாம். அட்டவணையில் 'கூடுதல் மருந்து: ஆம்' என்று மட்டும்தான் இருக்கிறது.

அடுத்த ஆய்வின் படிவத்தில், மதிப்பெண் போடும் முன்பே நர்ஸ் தன் கருத்தை எழுத ஓர் இடம் விட்டிருக்கிறேன். அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று புள்ளியியல் பார்ப்பவர் கேட்கிறார். என்னிடம் இன்னும் பதில் இல்லை.