அட்டையில் அச்சடிக்காத வசனம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேதவசனம் அச்சடித்துக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் எனக்குக் கிடைத்தது சங்கீதம் 32:8. "நான் உனக்குப் போதித்து, நீ நடக்கவேண்டிய வழியை உனக்குக் காட்டுவேன், உன்மேல் என் கண்ணை வைத்து, உனக்கு ஆலோசனை சொல்லுவேன்." அவ்வளவு சந்தோஷம். மணிபர்ஸில் வைத்துக்கொண்டேன், வருஷம் முழுக்க அது அங்கேதான் இருந்தது.

அந்தப் புது வருஷம் ஜூன் மாதம் கூட வேலை பார்த்தவர் ஒருவர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை, அவருடைய சம்பளச் சீட்டைப் பார்த்தேன், எத்தனை வருஷ சர்வீஸ் என்று கேட்டேன், ஏற்கெனவே எவ்வளவு பிடித்தம் போகிறது என்று கணக்குப் போட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. நாலு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், பிடித்தம் என் சம்பளத்துக்கு வந்தது. வீட்டில் இரண்டு மாதம் சொல்லவில்லை. சொன்ன அன்றைக்கு என் மனைவி அழவுமில்லை, சண்டையும் போடவில்லை. "ஜெபம் பண்ணிட்டுத்தான் போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரிதான் 32-ம் சங்கீதத்தை முழுசாக வாசித்தேன். அதற்குமுன் அட்டையில் இருந்ததை மட்டும்தான் வாசித்திருந்தேன். பாவத்தை மறைத்து வைத்து எலும்பெல்லாம் உலர்ந்துபோன தாவீது, பிறகு அதை அறிக்கையிட்டுப் பாடிய பாட்டு அது. எட்டாம் வசனத்துக்கு அடுத்தது என்ன தெரியுமா? வாரும் கடிவாளமும் போட்டு இழுத்தாலொழியக் கிட்டச் சேராத குதிரையைப்போலவும் கோவேறு கழுதையைப்போலவும் இருக்கவேண்டாம் என்கிறது. ஒன்பதாம் வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. கண்ணை வைத்து ஆலோசனை சொல்லுவேன் என்றால், அந்தக் கண்ணைப் பார்க்கும் தூரத்தில் நாம் இருக்கவேண்டும். நான் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கர்த்தரைத் தூரத்தில் வைத்திருந்தேன்.

இன்னொன்றும் வலித்தது. ஜாமீனைப் பற்றி வேதத்திலேயே இருக்கிறது. நீதிமொழிகள் 6-ம் அதிகாரம் ஆரம்பமே சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டவனிடம், வேடன் கையிலிருந்து மான் தப்புகிறமாதிரி உன்னைத் தப்புவித்துக்கொள் என்று சொல்வதுதான். சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை வாசித்த அதிகாரம். வழிநடத்துதல் வேண்டும் என்று நாம் சொப்பனத்தையும் அடையாளத்தையும் தேடிக்கொண்டு இருக்கிறோம், ஆனால் முக்கால்வாசிக் காரியங்களுக்கு அவர் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறார் என்பதுதான் என் அனுபவம்.

யோசுவா 9-ஐ அப்புறம் பல தடவை வாசித்தேன். கிபியோன் ஊரார் பக்கத்திலேயே இருந்துகொண்டு, வெகுதூரத்திலிருந்து வருகிறவர்கள் மாதிரி கிழிந்த திராட்சரசத் துருத்தியும் பூசணம் பூத்த அப்பமுமாக, இஸ்ரவேலரிடம் சமாதான உடன்படிக்கை கேட்டு வந்து நிற்கிறார்கள். இஸ்ரவேலர் ஒன்றும் ஏமாளிகள் இல்லை, கேள்வி கேட்டார்கள், அந்த ஆகாரத்திலேயே கொஞ்சம் வாங்கிப் பார்த்தார்கள். கர்த்தருடைய வாக்கைக் கேளாமல் வாங்கினார்கள் என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். ஆணையிட்டு உடன்படிக்கையும் பண்ணிவிட்டார்கள், மூன்று நாளில் உண்மை தெரிந்துபோயிற்று. நான் சம்பளச் சீட்டைத் திருப்பிப் பார்த்த மாதிரியேதான் அவர்கள் அப்பத்தைப் பார்த்தார்கள்!

ஆனால் அடுத்த அதிகாரத்தையும் வாசியுங்கள். ஆணையிட்டுவிட்டோம் என்பதற்காக அதே கிபியோனைக் காப்பாற்றப் போன யுத்தத்தில்தான் சூரியன் தரித்து நின்றது. தவறாகப் போட்ட உடன்படிக்கைதான், ஆனாலும் கர்த்தர் அங்கே கைவிடவில்லை. இந்த இடத்தை வாசித்து நான் அழுதிருக்கிறேன். 14 மாதம் பிடித்தம் போனது, ஒரு மாதம்கூட வீட்டு வாடகை தவறவில்லை. எப்படி என்று இப்போது கணக்குப் போட்டாலும் சரியாக வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் காலையில் ஒரு அதிகாரம், வரிசையாக, விடாமல் வாசிக்கிறோம். எதிலாவது கையெழுத்துப் போடவேண்டும் என்றால் அந்தக் காகிதம் ஒரு ராத்திரியாவது வேதாகமத்துக்குள் இருக்கும், இருவரும் சேர்ந்து ஜெபித்த பிறகுதான் பேனா எடுப்பேன். மகளை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றுகிற விண்ணப்பம் நாலு நாளாக அப்படித்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்னும் தெளிவு வரவில்லை, இன்றைக்கு ராத்திரியும் கேட்போம்.