சேர்ந்தவரா, சேர்க்கப்பட்டவரா? 1918 கனடியச் சிப்பாயின் கோப்பைப் படிக்கும் விதம்

முதல் உலகப் போரில் கனடியப் படையில் இருந்தவர்களின் தனிக் கோப்புகள் ஏறத்தாழ 6,22,000. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, அந்நாட்டின் தேசிய ஆவணக் காப்பகமான லைப்ரரி அண்ட் ஆர்கைவ்ஸ் கனடா இணையத்தில் போட்டிருக்கிறது. 2018-இல் அந்த வேலை முடிந்தது. பெயரையோ படை எண்ணையோ தட்டினால் கோப்பு வந்துவிடும். அதைப் படிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள், குறிப்பாகக் கட்டாயமாக எடுக்கப்பட்டவரின் கோப்பில்.

முதல் தாளைப் பாருங்கள். தானாக வந்தவரிடம் எழுதி வாங்கியது ‘அட்டஸ்டேஷன் பேப்பர்’. அதில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற சத்தியப்பிரமாணம் இருக்கும். பிடித்து வரப்பட்டவருக்கு வேறு படிவம்: ‘பர்ட்டிகுலர்ஸ் ஆஃப் ரெக்ரூட்’. அதன் தலையிலேயே 1917 ராணுவ சேவைச் சட்டத்தின் பெயர் அச்சாகியிருக்கும். சத்தியம் கிடையாது, மேலே உள்ள விவரங்கள் என்னைப் பற்றியவை, உண்மையானவை என்ற ஒற்றை வரி உறுதிமொழிதான். ஒருவர் சம்மதித்து வந்தாரா என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கோப்பில் வேறில்லை. 3 அல்லது 4-இல் தொடங்கும் ஏழு இலக்கப் படை எண், கட்டாயமாக எடுக்கப்பட்டவர் என்பதற்கு நல்ல அடையாளம். ஆனால் எண்ணை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். 1918-இல் கட்டாயமாக எடுக்கப்பட்டவர்களை வாங்கிய அதே டிப்போவில் (ஆள்சேர்ப்பு முகாமில்) தானாகச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

சட்டம் 1917 ஆகஸ்ட் 29-இல் நிறைவேறியது. முதலில் அழைக்கப்பட்டது ‘முதல் வகுப்பு’: 20 முதல் 34 வயது வரையிலான மணமாகாதவர்கள், மனைவியை இழந்த, பிள்ளையில்லாதவர்கள். அப்படியானால் சில கோப்புகளில் மனைவியின் பெயர் எப்படி வந்தது? 1917 ஜூலை 6-க்குப் பிறகு நடந்த கல்யாணத்தைச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. படைக்குத் தப்ப அவசரமாகத் தாலி கட்டியவருக்கு அது உதவவில்லை என்று பொருள்.

இந்த வகுப்பில் பதிந்த 4,04,395 பேரில் 3,80,510 பேர் விலக்குக் கேட்டார்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேல்! கட்டாயச் சேர்ப்பைப் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணம்தான் எதிர்த்தது என்று பாடப்புத்தகப் பாணியில் சொல்கிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்கவேண்டும். ஒருவர் என்ன காரணம் சொல்லி விலக்குக் கேட்டார் என்று கோப்பில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. விலக்குத் தீர்ப்பாயங்களின் காகிதங்களில் பெரும்பகுதி போருக்குப் பின் அழிக்கப்பட்டுவிட்டது. ஆனால் தேதி கொஞ்சம் பேசும். கட்டாயச் சிப்பாய்களின் முதல் தொகுதி 1918 ஜனவரியில் வந்தது. 20 முதல் 22 வயதுக்காரர்களின் விலக்கை அரசு ஏப்ரலில் ரத்து செய்தது. தொழில் ‘விவசாயி’, வயது 21, சேர்ந்தது மே மாதம் என்று இருந்தால், கையிலிருந்த விலக்கு பறிபோனவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது மருத்துவ வகை. ‘ஏ2’ என்றால் உடல் தகுதி உண்டு, பயிற்சி மட்டும் இல்லை. ‘ஈ’ என்றால் எதற்கும் தகுதியில்லை, வீட்டுக்குப் போகலாம்.

அதிகம் பிழை நடப்பது படைப்பிரிவின் பெயரில். ‘முதல் டிப்போ பட்டாலியன், மானிடோபா ரெஜிமென்ட்’ என்றிருந்தால், அந்தப் பெயரில் ஒரு பட்டாலியன் பிரான்சில் சண்டையிட்டதாக நினைத்துத் தேடி ஓய்ந்துபோகிறவர்கள் உண்டு. அது ஆட்களை வாங்கி, சீருடை கொடுத்து, கப்பலேற்றும் இடம், அவ்வளவுதான். கப்பல் இங்கிலாந்து சேர்ந்ததும், தொற்று பரவாதிருக்கத் தனிமை முகாம். பிறகு ரிசர்வ் பட்டாலியனில் பயிற்சி. பிரான்சில் கனடியன் கோர் (அங்கே போரிட்ட கனடியப் படைத்தொகுதி) நிரப்புப்படை முகாம். கடைசியாகத்தான் சண்டையிடும் பட்டாலியன். பிரெஞ்சு பேசுபவர் என்றால் 10-ஆவது ரிசர்வ் வழியாகப் பிரெஞ்சு பேசுபவர்களின் 22-ஆவது பட்டாலியனுக்குப் போயிருக்கலாம்.

இந்தப் பயணத்தைக் காட்டுவது ‘பி.103’ என்னும் சேவைப் படிவம். அதில் இரண்டு தேதிகள் உண்டு. இடது ஓரத்தில் இருப்பது அறிக்கை வந்த தேதி. வலப்பக்கம் இருப்பதுதான் சம்பவம் நடந்த தேதி. இரண்டுக்கும் இடையே நாட்கள், சில சமயம் வாரங்கள்கூட விழும். இடது தேதியை எடுத்துக்கொண்டு காயம்பட்ட இடத்தைத் தேடினால் தவறான போரில் போய் நிற்பீர்கள். ‘டி.ஓ.எஸ்.’ என்றால் பிரிவின் பட்டியலில் ஏற்றப்பட்டார், ‘எஸ்.ஓ.எஸ்.’ என்றால் நீக்கப்பட்டார். நீக்கம் என்றதும் பதற வேண்டாம், பெரும்பாலும் இடமாற்றம்தான். சரியான தேதி கிடைத்ததும் அந்தப் பட்டாலியனின் போர் நாட்குறிப்பைத் திறந்து அந்த நாளைப் படியுங்கள். 1918 ஆகஸ்ட் 8 என்றால் பிரான்சின் அமியான் சண்டை, செப்டம்பர் 2 என்றால் ட்ரோகூர்-கேயான் அரண், செப்டம்பர் 27 என்றால் கனால் டு நோர்.

சம்பளத் தாளையும் தள்ளிவிடாதீர்கள். சாதாரணச் சிப்பாய்க்கு நாளுக்கு 1 டாலர், களப்படி 10 சென்ட். 30 நாள் மாதத்துக்கு 33 டாலர். அதில் 15 அல்லது 20 டாலரை வீட்டுக்கு ஒதுக்கியிருந்தால், பணம் யார் பெயருக்குப் போனது என்று பாருங்கள். விதவைத் தாய் என்றால், அந்த வீடு யாரை நம்பி இருந்தது என்பது புரிந்துவிடும்.

கட்டாயச் சிப்பாய்கள் வருவதற்குள் போர் முடிந்துவிட்டது என்ற பேச்சில் பாதிதான் உண்மை. படையில் ஏற்றப்பட்டவர்கள் 1,24,588. கடல் கடந்தவர்கள் 47,509. போர் நிறுத்தத்துக்குள் பிரான்சில் பிரிவுகளை அடைந்தவர்கள் 24,132. அங்கிருந்த நான்கு டிவிஷன்களிலும் சேர்த்து 48 காலாட்படை பட்டாலியன்கள். எல்லோரும் காலாட்படைக்கே போனதாக வைத்துக்கொண்டு வகுத்தால் தலா 500 பேர், ஏறக்குறைய அரைப் பட்டாலியன். போரின் கடைசி நூறு நாளில் கனடியப் படை இழந்த இடங்களை நிரப்பியவர்களில் இவர்களும் உண்டு.

கடல் தாண்டாதவரின் கோப்பு மெலிதாக இருக்கும், சில தாள்கள்தான். அதிலும் மருத்துவமனைக் குறிப்பை விட்டுவிடாதீர்கள்: 1918 இலையுதிர்கால இன்ஃப்ளுயென்சா கனடாவின் முகாம்களுக்குள்ளும் புகுந்தது.