ஆஸ்திரேலியாவின் 494 விசா வந்துவிட்டது, சம்பளக் கணக்கும் பிசிசியும் படுத்திய பாடு

போன வாரம் விசா கிராண்ட் ஆனதாக மெயில் வந்தது. சப்கிளாஸ் 494, முதலாளி ஸ்பான்சர் பண்ணி ஆஸ்திரேலியாவின் ரீஜினல் பகுதியில் வேலை பார்க்கத் தருகிற விசா, ஐந்து வருஷம். கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை பக்கமிருந்து தம்பிமார் தினமும் போன் பண்ணி ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஒரு பைசா கொடுக்கவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் எங்கே மாட்டிக்கொண்டு முழித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்திரேலியா பக்கத்து வேலை பெரிய தொந்தரவில்லை. விக்டோரியாவில் ஷெப்பர்ட்டன் பக்கம் டிராக்டரும் அறுவடை மிஷினும் பார்க்கிற ஒர்க்‌ஷாப், டீசல் மெக்கானிக் வேலை. ஸ்பான்சர் அனுமதி, வட்டாரச் சான்றிதழ் அமைப்பின் கருத்து, நாமினேஷன் (இந்த வேலைக்கு இந்த ஆள் என்று முன்மொழிவது) எல்லாம் அந்த முதலாளி பக்கத்து வேலை, முடித்துவிட்டார்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் ஒவ்வொரு பகுதியிலும் 6 வந்துவிட்டது, மெடிக்கலும் கொச்சியில் முடிந்தது.

மாட்டியது ஸ்கில் அசெஸ்மென்டில், அதாவது தொழில் திறன் மதிப்பீட்டில். எங்கள் தொழிலுக்கு அதைப் பார்ப்பது டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா என்கிற அமைப்பு. முதலில் பேப்பர்களைப் பார்ப்பார்கள், அது தேறினால்தான் வீடியோவில் தொழில் பற்றிக் கேள்வி. எனக்கு ஐடிஐ சர்டிபிகேட் இருக்கிறது, பொள்ளாச்சியில் லாரி ஒர்க்‌ஷாப்பில் பல வருஷம் எஞ்சின் இறக்கி ஏற்றிய கை இருக்கிறது. ஆனால் கையைக் காட்டினால் யார் ஒத்துக்கொள்வார்கள்? எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்று லெட்டர்ஹெட்டில் வேண்டும், அதோடு சம்பளம் வாங்கியதற்கு ஆதாரமும் வேண்டும். எங்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கையில்தான் சம்பளம். பேங்க் பாஸ்புக்கில் ஒரு வரி கிடையாது.

முதலாளி தங்கமான மனுஷர். கேட்டதும் எழுதிக் கொடுத்தார், "இவர் எங்களிடம் வேலை பார்த்தார், ஒழுக்கமானவர்" என்று. "இது பத்தாதுங்க, பம்ப், கியர்பாக்ஸ், பிரேக் வேலை எல்லாம் தனித்தனியா வேணுங்க" என்றால், "ஏந்தம்பி, நல்ல பையன்னு எழுதிட்டேன்ல, அப்புறம் என்னப்பா?" என்கிறார். அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அவருடைய கணக்கைப் பார்க்கிற ஆடிட்டர் ஆபீஸில் இருந்த கிளார்க்கை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பழைய சம்பள வவுச்சர் எல்லாம் அங்கேதான் இருக்கிறது, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி நான் கையெழுத்துப் போட்டவை. "குடோன்ல இருக்கு, மார்ச் முடியட்டும்", "சார் வரட்டும்", "முதலாளிகிட்ட லெட்டர் வாங்கிட்டு வா". லெட்டர் கொண்டுபோனால் அன்றைக்கு அவர் லீவு. கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிப் போய் வெறுங்கையோடு திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போனது.

கடைசியில் காப்பாற்றியது ஈஎஸ்ஐ. ஒர்க்‌ஷாப்பில் பத்துப் பேருக்கு மேல் இருந்ததால் எங்களுக்கு ஈஎஸ்ஐ பிடித்திருந்தார்கள். அம்மாவின் வைத்தியத்துக்கு மட்டும் எடுத்த அந்த கார்டில் இருந்த நம்பரைப் போட்டு ஈஎஸ்ஐ இணையதளத்தில் போய்ப் பார்த்தால், எந்த மாதம் எவ்வளவு சம்பளம், எவ்வளவு பிடித்தார்கள் என்று வரிசையாக நிற்கிறது. அரசாங்கக் கணக்கு, யாரும் வாய் திறக்க முடியாது. பிரின்ட் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளியும் பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வேலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு லெட்டரைத் திருத்திக் கொடுத்தார். தேறியது. கையில் சம்பளம் வாங்குகிறவர்கள் இன்றைக்கே உங்கள் ஈஎஸ்ஐ, பிஎஃப் கணக்கைத் திறந்து பாருங்கள், பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது பிசிசி, அதாவது நம் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று தருகிற போலீஸ் சான்றிதழ். 16 வயசுக்கு மேல், கடந்த 10 வருஷத்தில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கேட்பார்கள். எனக்கு இந்தியா மட்டும்தானே, சுலபம் என்று சொன்னார்கள். எல்லையில் இருக்கிறவனுக்கு அது சுலபமில்லை. பாஸ்போர்ட்டில் பொள்ளாச்சி விலாசம், அங்கே வேலை பார்த்தபோது எடுத்தது. இப்போது இருப்பது பாலக்காடு ஜில்லாவில் சொந்த வீட்டில். கேரளாவில் கேட்டால் "விலாசம் தமிழ்நாடு, அங்கே போங்க". அங்கே போனால் "நீங்க இப்ப அங்க இல்லையே, போலீஸ் விசாரணையில் ஆள் இல்லைன்னு எழுதிடுவாங்க". இரண்டு பேரும் சொல்வது அவரவர் இடத்தில் சரிதான், நடுவில் நிற்கிற நான் என்ன பண்ணுவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டை இந்த வீட்டு விலாசத்தில் ரீஇஷ்யூ பண்ணி, அப்புறம் பிசிசி போட்டேன். புது பாஸ்போர்ட் என்றால் புது நம்பர். விசா விண்ணப்பம் போட்ட ஆன்லைன் கணக்கான இமிஅக்கவுன்ட்டில் பாஸ்போர்ட் மாற்றத்தை மறக்காமல் தெரிவித்துவிடுங்கள். ஐஇஎல்டிஎஸ் பரீட்சை எழுதும் முன்பே பாஸ்போர்ட் விலாசத்தைச் சரி பண்ணிவிட்டால் இந்த அலைச்சலே இல்லை. பிசிசிக்கு வாங்கிய தேதியிலிருந்து 12 மாதம்தான் கணக்கு, அதனால் ரொம்ப முன்னாடியும் வாங்காதீர்கள்.

சரி, ஏஜென்ட். பாலக்காட்டில் ஒருவர் "நாமினேஷனுக்கு" என்று லட்சக்கணக்கில் கேட்டார், கம்பெனி அரசாங்கத்துக்குக் கட்டுகிற பயிற்சி நிதியையும் நான்தான் கட்டவேண்டும் என்றார். முழுப் பொய். அந்த நிதியைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது, கம்பெனியே கட்டவேண்டும், சின்னக் கம்பெனிக்கு 3,000 டாலர், பெரியதற்கு 5,000. ஸ்பான்சர் பண்ணுவதற்காகக் காசு கேட்பது ஆஸ்திரேலியாவில் 2015 டிசம்பரிலிருந்து குற்றம். ஆலோசனைக்கு ஃபீஸ் கொடுப்பது வேறு விஷயம், அதற்கும் அந்த ஆள் அங்கே பதிவு பெற்ற ஏஜென்ட்டா என்று அவர்களுடைய பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பிஆர், அதாவது நிரந்தரக் குடியிருப்பு எப்போது என்று கேட்பவர்களுக்கு: இந்த விசாவில் மூன்று வருஷம் இருந்தபின் 191 என்கிற நிரந்தர விசாவுக்குப் போடலாம். அதற்கு முதலாளி மறுபடி நாமினேட் பண்ணவேண்டியதில்லை, அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அதுவரை ரீஜினல் பகுதியில்தான் வாழவும் வேலை பார்க்கவும் வேண்டும், சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் நினைப்பே கூடாது. போய் இறங்கி 90 நாளுக்குள் வேலையில் சேரவேண்டும். மூன்று வருஷத்து வருமான வரி அசெஸ்மென்ட் நோட்டீஸ் கேட்பார்கள், அதனால் முதல் வாரச் சம்பளச் சீட்டிலிருந்து ஒன்றையும் தூக்கிப் போடப்போவதில்லை. டிக்கெட் போட்டாகிவிட்டது. லெட்டரில் என்னென்ன இருக்கவேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு முதலாளி எழுதிக் கொடுத்ததன் நகலைத் தருகிறேன், கிளம்பும் முன் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.