முதலில் ஷாஃப்ட், அப்புறம்தான் பிராட்ஹெட்

என் அக்கா மகன் இப்போது மிச்சிகனில் இருக்கிறான். வருகிற அக்டோபரில் முதல்முறையாக வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறான். லைசென்ஸ் எடுத்தாயிற்று. இழுக்க அறுபது பவுண்டு விசை கேட்கும் காம்பவுண்ட் வில், அதாவது கப்பி வைத்த வில், வாங்கியாயிற்று. பிளேடு வைத்த வேட்டை முனையான பிராட்ஹெட் மட்டும் மூன்று வகை வாங்கி, மேசையில் பரப்பி வைத்துப் படம் அனுப்பியிருந்தான். பாக்கி இருப்பது ஷாஃப்ட், அதாவது அம்பின் தண்டு. "மாமா, .001 போட்டது ஒரு டஜன் இருநூறு டாலர் சொல்லுகான். .006 அதுல பாதி விலைதான். எத வாங்க?" என்று கேட்டான்.

ஒரு வரியில் முடிகிற பதில் இல்லை அது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். வில் எடுக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

நான் அங்கே டூல் ரூமில் வேலை பார்த்த காலத்தில் வில் பழகியவன். ஊர் திரும்பி தக்கலையில் லேத் பட்டறை போட்ட பிறகும் அதை விடவில்லை. இப்போது எனக்குக் குறி, வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்களுக்கு நடுவே கட்டி வைத்த தும்பு மூட்டைதான். நம் நாட்டில் வேட்டை 1972ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி குற்றம். அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். பேச்சிப்பாறை, கீரிப்பாறைக் காட்டில் மிளாவைக் கண்டால் நின்று பார்ப்பதோடு சரி. கீழே சொல்வதெல்லாம் மிச்சிகனுக்கும் அங்குள்ள வெண்வால் மானுக்கும் உரிய கணக்கு. அங்கே வில்லுக்கென்றே அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை தனி சீசன் உண்டு.

கடைக்காரன் முதலில் காட்டுவது, தண்டு எவ்வளவு நேர் என்று சொல்லும் அந்த .001, .006 எண்ணை. நான் முதலில் கேட்பது ஸ்பைன், அதாவது தண்டு எவ்வளவு வளையும் என்கிற அளவு. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள், அவற்றின்மேல் ஷாஃப்ட், நட்டநடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் எடை. அப்போது நடுப்பகுதி 0.400 அங்குலம் கீழே இறங்கினால் அது 400 ஸ்பைன். 0.340 இறங்கினால் 340. எண் குறையக் குறைய ஷாஃப்ட் விறைப்பு கூடும். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள். 500தான் பலம் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள்.

அது ஷாஃப்ட் சும்மா கிடக்கும்போது எடுத்த அளவு. வில்லில் நடப்பது வேறு. நாண் பின்னாலிருந்து ஒரே மூச்சில் தள்ளுகிறது. முன்னால் இருக்கும் முனையோ எடை காரணமாக உடனே நகர மாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் நடுவே தண்டு வளைகிறது. நீளமான தொரட்டிக் கம்பை அடியில் பிடித்து வேகமாக மேலே குத்தினால் நடு வளையுமே, அதே கதை. ஷாஃப்ட் நீளம் கூடினால் வளைவு கூடும். முனையின் எடை கூடினாலும் கூடும், வில்லின் பவுண்டு கூடினாலும் கூடும். எனவே 400 எல்லாருக்கும் 400 ஆகாது. அறுபது பவுண்டு வில், 28 அங்குல ஷாஃப்ட், 100 கிரெய்ன் (அம்பு நிறுக்கும் சிறு எடை அளவு) முனை என்றால் பெரும்பாலான ஷாஃப்ட் தேர்வு சார்ட்டுகள் 400 என்று சொல்லும். அதே ஷாஃப்டில் 125 கிரெய்ன் பிராட்ஹெட்டும், அதைத் திருகத் தண்டுக்குள் செருகும் பித்தளை இன்செர்ட்டும் மாட்டினால் அது தளர்ந்த ஷாஃப்டாகத்தான் நடந்துகொள்ளும். அப்போது 340க்குப் போய்விடுவதே நல்லது. பிராட்ஹெட்டை வாங்கி வைத்துவிட்டு ஷாஃப்ட் தேடுவதில் உள்ள சிக்கல் இதுதான். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

சாதாரண முனை போட்டுப் பழகும்போது இந்தத் தப்பு வெளியே தெரியாது. பின்னால் இறகுபோல இருக்கும் மூன்று வேன்களும் அம்பை இழுத்து நேர்படுத்திவிடும். பிளேடு நிலையாக நிற்கும் பிராட்ஹெட்டை மாட்டினால்தான் குட்டு வெளிப்படும். முன்னால் உள்ள பிளேடுகளும் காற்றைப் பிடிக்கும். ஷாஃப்ட் தப்பாக வளைந்து கிளம்பினால் அம்பு தன் பாட்டுக்கு ஒரு பக்கம் போகும். மானுக்கு நுரையீரலும் இதயமும் இருக்கும் இடம் எட்டிலிருந்து பத்து அங்குல வட்டம், அவ்வளவுதான். அதற்குள் போனால் சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். நாலு அங்குலம் பின்னால் போய்க் குடலில் பட்டால், அந்த உயிர் புதருக்குள் படுத்து மணிக்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும். ஷாஃப்ட் விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்கு வேறு காரணம் கிடையாது.

அடுத்தது எடை. விற்பனைப் பேச்சில் எப்போதும் வேகம்தான் முன்னால் வரும். மருமகனுக்கும் அதுதான் ஆசை. அவனுக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 340 ஷாஃப்ட் ஒன்று அங்குலத்துக்கு 9.3 கிரெய்ன் என்றால் 28 அங்குலத்துக்கு 260. பித்தளை இன்செர்ட் 50, நாணில் மாட்டும் பின்முனையான நாக் 10, வேன்கள் 18, பிராட்ஹெட் 125. கூட்டினால் 463 கிரெய்ன், சரியாக 30 கிராம். அவன் வில்லில் இது நொடிக்கு 73 மீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொள்வோம். 350 கிரெய்ன் எடையுள்ள இலேசான அம்பு 83 மீட்டர் போகும். பார்க்கப் பெரிய வித்தியாசமாகத் தெரியும். 25 கஜம், அதாவது 23 மீட்டர் தூரத்தில் நிற்கும் மானைப் போய்ச் சேர ஒன்றுக்கு 0.32 நொடி, மற்றதற்கு 0.28. ஆக மிச்சம் 0.04 நொடி.

நாண் விடுபடும் சத்தமோ அந்தத் தூரத்தை 0.07 நொடியில் கடந்துவிடும். எந்த அம்பும் சத்தத்தை முந்தப் போவதில்லை. சத்தம் கேட்ட மான் பாய்ந்து ஓடுவதற்காக முதலில் உடம்பைத் தாழ்த்தும், அப்போது அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். இலேசான அம்பு இந்த இடத்தில் 0.04 நொடியைத் தந்துவிட்டு, சத்தத்தைக் கூட்டிவிடுகிறது. வில்லில் சேர்ந்த சக்தியில் அம்பு எடுத்துக்கொள்ளாத பங்கு வில்லின் அதிர்வாகவும் ஓசையாகவும்தான் வெளியே வரும். கனமான அம்பு கூடுதல் பங்கை வாங்கிக்கொள்ளும், வில் அமைதியாகும். விலா எலும்பில் பட்டாலும் தயங்காமல் உள்ளே போகும். ஆகவே வில்லின் ஒரு பவுண்டுக்கு அம்பில் ஏழு, எட்டு கிரெய்ன் என்பது என் கணக்கு. வில் தயாரிப்பவர்கள் சொல்லும் ஐந்து கிரெய்ன் என்பது வில் உடையாமல் இருப்பதற்கான கீழ் எல்லை. வேட்டைக்கான அளவாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

முன்பக்க எடைக்கும் ஒரு வார்த்தை. அம்பை விரல்மேல் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். அது நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதை ஷாஃப்ட் நீளத்தால் வகுத்தால் சதவீதம் கிடைக்கும். மேலே சொன்ன அம்புக்கு 16ஐ ஒட்டி வரும். மானுக்கு அது தாராளம்.

சரி, அவன் கேட்ட நேர்த்தன்மைக்கு வருகிறேன். .001, .003, .006 எல்லாம் அங்குலக் கணக்கு. .003 என்பது மில்லிமீட்டரில் 0.08கூட வராது. லேத்தில் வேலை செய்கிறவனுக்கு அது பெரிய சங்கதிதான். ஆனால் முப்பது கஜத்துக்குள் மரத்தில் கட்டிய பரணிலிருந்து எய்யும் அம்பில் .001க்கும் .003க்கும் உள்ள வேறுபாட்டை நான் கண்டதில்லை. .003 போதும். மிச்சப்படும் டாலருக்கு இன்னும் ஆறு ஷாஃப்ட் வாங்கிக்கொள்ளட்டும். வாங்கியவற்றில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதைப் பொறுக்கி எடுப்பதில்தான் பலன் இருக்கிறது.

பட்டறையில் நான் செய்வது இது. இரண்டு பழைய பேரிங், நடுவில் தொங்கவிட 880 கிராமுக்குக் கடைந்த இரும்புக் கட்டி, மேலே டயல் கேஜ். ஷாஃப்டை மெல்ல உருட்டினால் கேஜ் முள் ஒரே இடத்தில் நிற்காது. ஒரு பக்கம் 392 காட்டும், கால் சுற்று சுற்றினால் 405க்குப் போகும். குழாயின் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே விறைப்பாக இருப்பதில்லை. முள் மிகக் குறைவாக இறங்கும் பக்கத்தில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போடுவேன். எல்லா ஷாஃப்டிலும் அந்தக் கோடு மேலே வருகிற மாதிரி நாக் மாட்டினால், எல்லா அம்பும் ஒரே மாதிரி வளைந்து கிளம்பும். அப்புறம் ஒவ்வொன்றையும் நிறுத்து, எடையைத் தண்டிலேயே எழுதிவிடுவேன். எடையிலும் ஸ்பைனிலும் நெருங்கி வருகிற ஆறு வேட்டைக்கு, மற்றவை பழக்கத்துக்கு.

மரமா, அலுமினியமா, கார்பனா? மரத்தில் ஓரிகனின் போர்ட் ஆர்ஃபர்ட் சீடர் பேர்போனது, வாசனையும் அருமை. ஆனால் ஈரம் பட்டால் வளையும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் அதை நேராக வைத்திருப்பதே தனி வேலை. அலுமினியம் எனக்கு மனசுக்குப் பிடித்தது. 2117 என்றால் விட்டம் ஓர் அங்குலத்தில் 64இல் 21 பங்கு, சுவர் .017 அங்குலம் என்று எண்ணிலேயே எல்லாம் இருக்கும். பக்கவாட்டில் அடிபட்டால் வளைந்துவிடும் என்பதுதான் குறை. கார்பன் வளைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும், இல்லையென்றால் உடையும். புதிதாகத் தொடங்குகிறவனுக்குக் கார்பனே போதும்.

ஷாஃப்டை வேண்டிய நீளத்துக்கு வெட்டுவதில் கவனம் வேண்டும். குழாய் கட்டர் கார்பனுக்கு ஆகாது, நசுக்கிவிடும். வேகமாகச் சுற்றும் அரைக்கும் தகட்டில்தான் வெட்ட வேண்டும். தூள் நுரையீரலுக்குக் கெடுதல், மாஸ்க் கட்டாயம். வெட்டிய முனை செங்கோணமாக இல்லாவிட்டால் இன்செர்ட் சாய்ந்து உட்காரும், பிராட்ஹெட் ஆடும். பிராட்ஹெட் மாட்டிய பிறகு அம்பை இரண்டு பேரிங்மேல் வைத்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். முனை துளிகூட வட்டம் போடாமல் ஒரே புள்ளியாக நிற்க வேண்டும். ஆடுகிற அம்பைத் தூணியில் வைக்காதே, மக்ளே.

கடைசியாக ஒன்று. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்னும் கார்பன் ஷாஃப்டை இரு கையாலும் பிடித்து, நான்கு பக்கமும் லேசாக வளைத்துக் காதருகே கேட்க வேண்டும். உள்ளே விரிசல் இருந்தால் சின்னதாக ஒரு நொறுங்கல் சத்தம் வரும். அப்படிப்பட்ட ஷாஃப்ட் நாணில் உடைந்தால் சிலாம்பு வில் பிடித்த கைக்குள்ளேயே பாயும். மானின் உடலுக்குள் உடைந்திருந்தால் அந்தக் காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியை வெட்டித் தள்ளிவிட வேண்டும், கார்பன் சிலாம்பு கண்ணுக்குத் தெரியாது. சந்தேகம் வந்த ஷாஃப்டை அங்கேயே இரண்டாக ஒடித்துவிடு. பழகுவதற்காவது ஆகுமே என்று எடுத்து வைக்காதே.