மேலிருந்து பிறத்தல்: யாழ்ப்பாணத்துத் தவக்காலக் குறிப்புகள்

2025 மார்ச் 9, தவக்காலம் முதல் ஞாயிறு

பாஸ்கா இரவில், அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய சனி இரவில், திருமுழுக்குப் பெற இருக்கும் பெரியவர்களின் வகுப்பு ‘மறுபிறப்பு’ என்ற சொல்லில்தான் தொடங்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல் காதில் விழுந்ததும் மனம் போவது வேறிடத்துக்கு: உயிர் உடலை விட்டு, வினைக்கேற்ப இன்னோர் உடலை எடுப்பது. சைவ வீட்டில் வளர்ந்தவருக்குப் பிறவி என்பது அறுபடவேண்டிய பிணி. அவரிடம் ‘நீங்கள் மறுபடியும் பிறக்கவேண்டும்’ என்றால், நோய்க்கு மருந்தாக நோயையே நீட்டியதுபோல் இருக்கும்.

யோவான் நற்செய்தி 3ஆம் அதிகாரத்தில், பிறக்கவேண்டும் என்று யூதப் போதகர் நிக்கதேமிடம் இயேசு சொல்லும்போது வரும் கிரேக்கச் சொல் ‘அனோத்தென்’. அதற்கு ‘மறுபடியும்’ என்றும் பொருள் உண்டு, ‘மேலிருந்து’ என்றும் பொருள் உண்டு. நிக்கதேம் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, வயதானவர் தாயின் வயிற்றுக்குள் திரும்பப் போகமுடியுமா என்று கேட்கிறார். ஆனால் அதே சொல்லை யோவான் பிறகு எடுக்கும் இடங்களிலெல்லாம் பொருள் மேல்தான்: மேலிருந்து வருபவர் (3:31), பிலாத்துவுக்கு மேலிருந்து கிடைத்த அதிகாரம் (19:11), மேலிருந்து தையலின்றி நெய்த அங்கி (19:23). இந்தப் பிறப்பு செத்தபின் நடப்பதல்ல. இந்த உடலில், ஒரே முறை, கடவுள் தருவது. எந்தப் பிள்ளையும் தன்னைத்தானே பெற்றுக்கொள்வதில்லை. நோன்பாலும் நற்செயலாலும் இதைச் சம்பாதிக்க முடியாது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பழைய மொழிபெயர்ப்பில் தீத்து 3:5 ‘மறுஜென்ம முழுக்கு’ என்று சொல்வதும், நம் நீதிச் செயல்களால் அல்ல என்று சொல்லிவிட்டுத்தான்.

ஏப்ரல் 6, ஐந்தாம் ஞாயிறு

திருமுழுக்குப் பெற இருப்பவர்களுக்காக மூன்று ஞாயிறுகளாக நடந்த மன்றாட்டுச் சடங்கு இன்றுடன் நிறைவு. நற்செய்தியின் வரிசை சமாரியப் பெண், பிறவிக் குருடர், இலாசர்: தாகம், இருள், சாவு. இதைப் பரீட்சை என்று எண்ணி நடுங்குகிறவர்கள் உண்டு. கேள்வியும் இல்லை, புள்ளியும் இல்லை. பாவத்தின் பிடி தளரும்படி சபை முழுவதும் அவர்களுக்காக மன்றாடுகிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 14, திங்கள்

இம்முறை சித்திரை வருடப்பிறப்பு புனித வாரத்துக்குள் வந்திருக்கிறது. வீட்டார் மூலிகைகளைக் காய்ச்சிய மருத்துநீர் வைத்து முழுகும்போது, ‘இதுவும் முழுக்குத்தானே?’ என்ற கேள்வி எழும். மருத்துநீர் ஆண்டுதோறும் தலையில் வைப்பது. போன ஆண்டு வைத்தோம் என்று இந்த ஆண்டு விடுவதில்லை. திருமுழுக்கோ வாழ்நாளில் ஒருமுறை. மெதடிஸ்த சபையிலோ தென்னிந்தியத் திருச்சபையிலோ முறைப்படி முழுக்குப் பெற்றவர் கத்தோலிக்கராக வரும்போது மீண்டும் தண்ணீர் ஊற்றுவதில்லை, விசுவாச அறிக்கையோடு ஏற்றுக்கொள்கிறோம்.

ஏப்ரல் 16, புதன்

சனி இரவுக்கான ஆயத்தம். தண்ணீர் தண்ணீராகவே இருக்கவேண்டும். கிணற்றுநீர், மழைநீர், கடல்நீர் எல்லாம் செல்லும். தீவுப்பகுதியின் உவர்நீரும் செல்லும். இளநீர், பால் செல்லாது. பெரும்பாலும் தவறு நேர்வது ஊற்றுவதில்தான். ஈரவிரலால் நெற்றியைத் தொட்டால் போதாது, தண்ணீர் தோலில் ஓடவேண்டும். அடர்ந்த கூந்தல் என்றால் முன்நெற்றியிலிருந்து ஊற்றுவது நல்லது. மூன்று முறை ஊற்ற வேண்டும், அல்லது மூன்று முறை அமிழ்த்த வேண்டும். ‘தந்தை, மகன், தூய ஆவியார் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்’ என்று சொல்பவரே ஊற்றவும் வேண்டும். ஒருவர் சொல்ல மற்றவர் ஊற்றக்கூடாது. ‘நான்’ என்பதை ‘நாங்கள்’ என்று மாற்றினால் முழுக்கே செல்லாது என்று வத்திக்கான் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கியது. சாவு ஆபத்தில், திருச்சபை கருதுவதையே செய்யும் எண்ணம் இருந்தால், கிறிஸ்தவர் அல்லாத தாதியும் இதே முறையில் கொடுக்கலாம்.

நேரம் போகிறது என்று பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழையும் குறைக்கும் பழக்கம் உண்டு. அப்படிக் குறைத்தாலும் ஏழாவதான எசேக்கியேல் 36ஐ விடாதீர்கள். தூய நீர் தெளிப்பேன், கல்லான இதயத்தை எடுத்துவிட்டுச் சதையான இதயத்தைத் தருவேன் என்ற வாக்கு அங்கேதான் இருக்கிறது. ‘தண்ணீராலும் ஆவியாலும்’ என்று இயேசு சொன்னபோது, இஸ்ரயேலின் போதகரான நிக்கதேமுக்கு அது நினைவுக்கு வந்திருக்கவேண்டும்.

ஏப்ரல் 27, பாஸ்கா இரண்டாம் ஞாயிறு

புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் வெள்ளை ஆடை அணிந்து ஒரு வாரம். ‘மாற்றம் ஒன்றும் தெரியவில்லையே’ என்ற கவலை இப்போதுதான் வரும். பாத்தியில் புதைத்த பனங்கொட்டையைப் பாருங்கள்: முளை முதலில் கீழ்நோக்கி மண்ணுக்குள் இறங்குகிறது, ஓலை வெளியே தெரிவது பல மாதம் கழித்து. அந்தக் காலத்தில் தோண்டிப் பார்ப்பவருக்குக் கிடைப்பது கிழங்கு, மரமல்ல.

அதைவிடக் கெட்டது, பழைய கோபமோ குடியோ ஒருநாள் திரும்பியதும் ‘எனக்கு முழுக்குப் பலிக்கவில்லை’ என்று இன்னொன்றைத் தேடிப் போவது. விழுந்த பிள்ளையை மறுபடி பெறுவதில்லை, தூக்கி எடுப்பார்கள். அதற்குரியது, பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருளடையாளம். பெந்தெகொஸ்தே ஜூன் 8இல், அதற்கு முன் அந்த வகுப்பு நடக்கும்.