மூச்சு ட்யூபை எடுக்கும் முன் மருந்து கைக்கு வந்திருக்க வேண்டும்

இனிப் பிழைக்காது என்று முடிவான பச்சிளங்குழந்தையை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளப் போனால், முதலில் குறுக்கே நிற்பது பீரோ சாவிதான். வலியைத் தணிக்கும் மார்ஃபின் இரட்டைப் பூட்டுக்குள் இருக்கும். ராத்திரியில் சாவி வைத்திருப்பவர் ஆபரேஷன் தியேட்டரில் மாட்டிக்கொண்டால் அவர் வரும்வரை குழந்தை மூச்சுக்குத் திணறும். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்ஃபினும், அதே வகை மருந்தான ஃபென்டனிலும் வாங்கி வைப்பது எளிதாகிவிட்டது. அப்படியிருந்தும் "கைக்குழந்தைக்கு எதுக்கு மார்ஃபின்?" என்று கேட்டு மருந்து கேட்டு நாங்கள் அனுப்பிய சீட்டை (இண்டென்ட்) ஸ்டோரில் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. பெற்றோரிடம் பேசி முடித்ததுமே, பகலிலேயே மருந்தை எடுத்து வையுங்கள். ரெஜிஸ்டர் கையெழுத்து, மிச்ச மருந்தைக் கொட்டும்போது சாட்சிக்கு யார் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தத் தேவைப்படும் இரண்டு மருத்துவக் குழுக்களின் ஒப்புதல் எங்களுக்கு, 2023-ல் உச்ச நீதிமன்றம் நடைமுறையை எளிதாக்கியதால், பெரிதாக இழுக்கவில்லை.

அடுத்த ஆபத்து ஆம்பியூலில், அதாவது ஊசி மருந்துக் குப்பியில். 10 மி.கி. மார்ஃபின் உள்ள 1 மில்லியை சலைன் சேர்த்து 10 மில்லியாக்கி, அதிலிருந்து 1 மில்லியை எடுத்து மறுபடி 10 மில்லியாக்கினால் மில்லிக்கு 0.1 மி.கி. கிடைக்கும். 1.2 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 0.05 மி.கி. என்றால் 0.06 மி.கி., அதாவது 0.6 மில்லி. ஸ்டோரில் 15 மி.கி. ஆம்பியூலும் வரும். பழக்கதோஷத்தில் அதையும் இதே கணக்கில் கலக்கினால் டோஸ் ஒன்றரை மடங்காகிவிடும். லேபிளை இரண்டு பேர் வாய்விட்டுப் படியுங்கள்.

வலியை மதிப்பிட என்-பாஸ் வைத்துக்கொள்கிறோம். அழுகை, நடத்தை நிலை, முகம், கைகால் இறுக்கம், நாடித்துடிப்பு முதலிய அளவுகள் என ஐந்தையும் பார்க்கச் சொல்லும் அட்டவணை அது. ஆனால் குறைமாதக் குழந்தை ரொம்ப நேரம் வலியில் கிடந்தால் அழாது, துவண்டு போய்விடும். மார்க் குறைவாக வந்ததும் "நிம்மதியா தூங்குது" என்று எழுதிவிடுகிறார்கள். புருவத்துக்கு நடுவில் சுருக்கம் விழுகிறதா, விரல்கள் விறைத்து விரிகின்றனவா என்று கிட்டே குனிந்து பாருங்கள். தசைகளை அசையவிடாமல் செய்யும் வெகுரோனியம் ஓடிய குழந்தையிடம் இவை எதுவுமே தெரியாது. சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் அந்த மருந்தின் பிடி விலக இன்னும் நேரமாகும். அது முழுசாக விலகாமல் ட்யூபில் கை வைக்காதீர்கள்.

நரம்பு வழி மார்ஃபின் நன்றாக வேலை செய்யக் கால் மணி நேரமாவது ஆகும். அதற்குப் பிறகே பிளாஸ்டரை ஈரப்பஞ்சால் நனைத்து உரியுங்கள். தொப்புள் வழியே ரத்தக்குழாயில் போட்டிருக்கும் லைனை "இனி எதுக்கு" என்று முன்கூட்டியே எடுத்துவிட்டால், அப்புறம் நரம்பே கிடைக்காது. அப்படி ஆகிவிட்டால் மூக்கு வழி ஃபென்டனில், கிலோவுக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம். ஸ்ப்ரே முனையிலேயே 0.1 மில்லி அளவுக்குத் தங்கிவிடும். சிறு குழந்தைக்கு மொத்த டோஸும் அங்கேயே நின்றுவிடலாம். சலைனில் நீர்க்கச் செய்து, முனைக்கென்று கொஞ்சம் கூடுதலாக இழுக்க வேண்டும். ஃபென்டனிலை நரம்பில் கொடுப்பதானால் மெதுவாகத்தான் கொடுக்க வேண்டும். வேகமாகத் தள்ளினால் நெஞ்சு இறுகிவிடும்.

ட்யூப் எடுத்த பிறகு நெஞ்சு உள்வாங்கி, மூக்கு விடைத்து, புருவமும் சுருங்கினால் டோஸைத் திரும்பக் கொடுக்கிறோம். கடைசி நேரத்தில் நீண்ட இடைவெளி விட்டு வாயைத் திறந்து இழுக்கும் மூச்சு வேறு. அது மூளைத்தண்டின் அனிச்சை. முகம் தளர்ந்திருந்தால் அதற்காக மருந்தை ஏற்றக் கூடாது, ஏற்றினாலும் நிற்காது. சில நிமிடங்களும் நீடிக்கலாம், மணிக்கணக்கிலும் நீடிக்கலாம். இதை முன்னாலேயே சொல்லாவிட்டால் அம்மா, "உயிர் திரும்புது, ஏதாவது பண்ணுங்க சிஸ்டர்!" என்று கதறுவார். அப்போது சமாதானம் சொல்வது யாராலும் முடியாது.

தொண்டையில் சளி கரகரத்தால் ஆழமாக சக்‌ஷன் போடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், டிரிப்பைக் குறையுங்கள். மானிட்டரை அணைத்துவிட்டு, குழந்தையை அம்மாவின் நெஞ்சில் போட்டு, இதயத்துடிப்பை ஸ்டெதாஸ்கோப்பில் கேளுங்கள். ஒவ்வொரு டோஸுக்கும் எந்த அறிகுறிக்காகக் கொடுத்தோம் என்று சார்ட்டில் எழுதிவிடுங்கள். ஷிஃப்ட் மாறி வரும் சிஸ்டர் அடுத்த டோஸுக்குத் தயங்கி நிற்பது பெரும்பாலும் அந்த ஒரு வரி இல்லாததால்தான்.